அத்தியாயம் 6: அப்டேட் வரவில்லை, வந்தால் போன் படுத்துகிறது

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களிடம் அப்டேட்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான புலம்பல் கேட்கும். ஒருவருக்கு அப்டேட் வரவே இல்லை. அதே கம்பெனியின் வேறு மாடல் வைத்திருக்கும் மைத்துனருக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. இன்னொருவருக்கு வந்துவிட்டது, அன்றிலிருந்து போன் சூடாகிறது, சார்ஜ் நிற்பதில்லை, அடிக்கடி ஹேங் ஆகிறது.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு விதியை முதலில் சொல்லிவிடலாம். புதிய பதிப்பு தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோனால் பொறுக்கக் கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் எல்லாம் இந்த விதியிலிருந்து பிறப்பவைதான்.

ஒரே பெயரில் வரும் நான்கு விஷயங்கள்

திரையில் ‘அப்டேட்’ என்று வருவதெல்லாம் ஒன்றல்ல. நான்கு வகை உண்டு.

1. பதிப்பு உயர்வு. ஆண்ட்ராய்டு 14 இருந்த போன் 15க்குப் போவது. தோற்றம், வசதிகள் மாறும். அளவும் பெரிது, சில ஜிபி வரை போகும். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை.

2. பாதுகாப்புத் திருத்தம். வெளியே எதுவும் மாறியதாகத் தெரியாது. திருடர்கள் உள்ளே நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பது இதன் வேலை. 2015 ஜூலையில் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் புகலாம் என்று தெரிந்ததும் உலகமே பதறியது. அடுத்த மாதமே கூகுளும் சாம்சங்கும் மாதாமாதம் திருத்தம் தருவதாக அறிவித்தன. இன்றுள்ள மாதாந்திர வழக்கம் அப்போது தொடங்கியதுதான்.

3. கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட். 2019இல் ஆண்ட்ராய்டு 10உடன் வந்த ஏற்பாடு. சிஸ்டத்தின் சில பகுதிகளைப் போன் கம்பெனிக்குக் காத்திராமல் கூகுளே நேராக மாற்றிவிடும்.

4. ஆப் அப்டேட். வாட்ஸ்அப், வங்கி ஆப் போன்றவை பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படுவது.

மக்கள் அதிகம் ஏங்குவது முதல் வகைக்கு. உயிர்நாடி இரண்டாவது வகை. ஆப்பிளின் ஐபோன் 5எஸ் 2013இல் வெளிவந்தது. அதற்கு ஐஓஎஸ் 12க்கு மேல் பதிப்பு உயர்வு கிடைக்கவில்லை. ஆனாலும் 2023 ஜனவரியில் அதற்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. பழைய பதிப்பிலேயே நின்ற போனும் ஓட்டை அடைக்கப்பட்டால் ஓரளவு நம்பிக்கையோடு ஓடும்.

இப்போதே பார்க்க வேண்டியது

படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டுப் போனைக் கையில் எடுங்கள். செட்டிங்ஸ் உள்ளே ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போங்கள். அங்கே ஆண்ட்ராய்டு பதிப்பும் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியும் இருக்கும். சில மாடல்களில் ‘செக்யூரிட்டி’ அல்லது ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கலாம். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்று தேடுங்கள். அந்தத் தேதியை இப்படிப் படிக்கலாம்:

• மூன்று மாதத்துக்குள் என்றால் கவலை இல்லை. எல்லா மாடலுக்கும் மாதாமாதம் வராது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான்.

• மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை என்றால் நீங்களே ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்திப் பாருங்கள். போனில் இடம் இல்லாததாலோ வைஃபை இல்லாததாலோ அப்டேட் இறங்காமல் காத்திருக்கலாம்.

• ஓராண்டுக்கு மேல் என்றால் உங்கள் மாடலைக் கம்பெனி கைவிட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் இணையதளத்தில் அப்டேட் பெறும் மாடல்களின் பட்டியல் இருந்தால் பார்த்து உறுதி செய்யலாம். இதற்கு என்ன செய்வது என்று பின்னால் பார்ப்போம்.

ஏன் இத்தனை தாமதம்?

ஐபோனில் சிப்பும் சாஃப்ட்வேரும் ஒரே கம்பெனியின் கையில். அதனால் ஆதரவு உள்ள எல்லா மாடலுக்கும் ஒரே நாளில் அப்டேட் திறந்துவிடப்படுகிறது. ஆண்ட்ராய்டு பல கைகள் மாறி வருகிறது. முதலில் கூகுள் மூல நிரலை வெளியிடுகிறது. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் அதைத் தங்கள் சிப்பில் ஓடும்படி மாற்றித் தருகின்றன. பிறகு போன் கம்பெனி தன் தோற்றத்தையும் ஆப்களையும் அதன்மேல் ஏற்றுகிறது. சாம்சங்கின் ஒன் யூஐ, ஷாவ்மியின் ஹைப்பர்ஓஎஸ் எல்லாம் இந்தக் கட்டத்தில் சேர்வதுதான். அதன்பின் ஒவ்வொரு மாடலிலும் சோதனை. கடைசியில் எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் சிறு சிறு தொகுதியாகத் திறந்துவிடுகிறார்கள்; ஏதாவது கோளாறு தெரிந்தால் நிறுத்துவதற்கு வசதியாக.

ஆண்ட்ராய்டு 15இன் மூல நிரல் 2024 செப்டம்பர் தொடக்கத்தில் வந்தது. சாம்சங்கின் அன்றைய விலையுயர்ந்த வரிசையான கேலக்ஸி எஸ்24க்கு அது ஒன் யூஐ 7 ஆக வந்து சேர்ந்தது 2025 ஏப்ரலில். ஏழு மாதம். அதுவும் வெளியிட்ட சில நாட்களிலேயே, கொரியாவில் சிலரின் போன் லாக் திறக்கவில்லை என்று நிறுத்திவிட்டுச் சரிசெய்து மீண்டும் தொடங்கினார்கள். முதல் நாளே அப்டேட் கிடைக்கவில்லையே என்று வருந்தியவர்கள் தப்பித்தார்கள்.

சிப் கம்பெனி கைவிட்டால் போன் கம்பெனி தவிக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் ஃபேர்போன் சாட்சி. அவர்களின் ஃபேர்போன் 2 மாடல் 2015இல் ஆண்ட்ராய்டு 5உடன் வந்தது. அதிலிருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு ஆண்ட்ராய்டு 7 முதல் ஆதரவு தருவதைக் குவால்காம் நிறுத்திவிட்டது. சிறிய கம்பெனியான ஃபேர்போன் தானே உழைத்து அந்தப் போனை ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுபோனது. 2023 வரை ஆதரவும் தந்தது. மனமிருந்தால் முடியும், ஆனால் பெரும்பாடு.

இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் ‘புராஜெக்ட் டிரெபிள்’ என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. சிப் சார்ந்த பகுதியும் ஆண்ட்ராய்டின் மேல் பகுதியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்ற வழி பிறந்தது. இன்று சில கம்பெனிகள் ஏழாண்டு ஆதரவு தர முடிகிறதென்றால் அதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே பதிப்பு உயர்வு சில மாதம் தள்ளிப்போவது உங்கள் போனின் குறை என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தத்தில் இந்தச் சாக்கு அவ்வளவாகச் செல்லாது. மாதாந்திர அறிக்கையில் வெளியிடும் ஓட்டைகளைப் பற்றிக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போன் கம்பெனிகளுக்குக் கூகுள் தெரிவித்துவிடுகிறது.

அப்டேட் போடும் முன்

பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அன்றோ மறுநாளோ போட்டுவிடுங்கள். பதிப்பு உயர்வுக்கு இரண்டு மூன்று வாரம் பொறுப்பது நல்லது. அதற்குள் உங்கள் மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வங்கி ஆப், அலுவலக ஆப் போன்றவையும் புதிய பதிப்புக்குத் தயாராகிவிடும்.

எதுவானாலும் முதலில் பேக்கப். 2024 அக்டோபரில் சாம்சங்கின் சிஸ்டம் ஆப் ஒன்றின் அப்டேட்டால் கேலக்ஸி எஸ்10, நோட் 10 போன்ற பழைய மாடல்கள் சில, அணைந்து அணைந்து எரியும் சுழலில் மாட்டிக்கொண்டன. பலருக்கு ஃபேக்டரி ரீசெட் செய்யாமல் போன் பிழைக்கவில்லை. பேக்கப் இல்லாதவர்களின் படங்கள் போனதோடு சரி.

பேக்கப் எடுக்கும்போது விட்டுப்போகக் கூடியவை:

• வாட்ஸ்அப் அரட்டைகள். இவை தனியாகக் கூகுள் டிரைவுக்குப் போகும். 2024 முதல் இந்த பேக்கப்பும் உங்கள் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்காகிறது. இடம் நிரம்பியிருந்தால் பேக்கப் நடக்காது. கடைசியாக எப்போது நடந்தது என்று தேதியைப் பாருங்கள்.

• தொடர்பு எண்கள். சில எண்கள் கூகுள் கணக்கில் சேராமல் போனிலோ சிம்மிலோ மட்டும் இருக்கும்.

• ஆதென்டிகேட்டர் ஆப்பில் உள்ள குறியீடுகள். இவை போனால் பல கணக்குகளுக்குள் நுழைய முடியாது.

• நோட்ஸ் ஆப், குரல் பதிவுகள், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்.

பிறகு சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறதா, காலி இடம் சில ஜிபியாவது இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையில் இறக்குங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளிலும், தேர்வு, நேர்முகம் போன்ற நாட்களின் முந்தைய இரவிலும் வேண்டாம். பழைய பதிப்புக்குத் திரும்புவது பெரும்பாலான போன்களில் சாதாரணமாக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அப்டேட் என்பது செட்டிங்ஸ் வழியாக அல்லது பிளே ஸ்டோர் வழியாக மட்டுமே வரும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல் (ஆப்பை நேராகப் போனில் ஏற்றும் ஃபைல்), ‘உங்கள் போன் காலாவதியாகிவிட்டது, இங்கே அழுத்தவும்’ என்று மிரட்டும் விளம்பரம், ‘வங்கி ஆப்பைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும்’ என்ற குறுஞ்செய்தி எல்லாம் மோசடி. தொடாதீர்கள்.

அப்டேட் போட்ட பின் போன் படுத்தினால்

முதல் இரண்டு மூன்று நாள் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பதிப்பு உயர்ந்ததும் போன் பின்னணியில் ஆப்களைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்பத் தயார் செய்யும். படங்களையும் ஃபைல்களையும் மீண்டும் வரிசைப்படுத்தும். அந்த நேரத்தில் சூடும் சார்ஜ் குறைவதும் இயல்பு. இரவில் சார்ஜில் போட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் இந்த வரிசையில் செய்யுங்கள். ஒரு படியில் சரியாகிவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

2. பிளே ஸ்டோரில் எல்லா ஆப்களையும் புதுப்பியுங்கள். பழைய ஆப் புதிய சிஸ்டத்தோடு ஒத்துப்போகாததுதான் பல சமயம் காரணம்.

3. செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து எந்த ஆப் அதிகம் தின்கிறது என்று பாருங்கள். அதை நீக்கிவிட்டு மீண்டும் போடுங்கள்.

4. காலி இடத்தைப் பாருங்கள். ஸ்டோரேஜ் நிரம்பி வழியும் போன் மெதுவாகத்தான் ஓடும். விலை குறைந்த போன்களில் இது இன்னும் அதிகமாகத் தெரியும். பத்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். வாட்ஸ்அப்பின் ஸ்டோரேஜ் பகுதியில் காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்தாலே பல ஜிபி கிடைக்கும்.

5. நீங்கள் போட்ட ஆப்கள் இல்லாமல் போன் ஓடும் சேஃப் மோடில் திறந்து பாருங்கள். அதில் நன்றாக ஓடினால் குற்றவாளி நீங்கள் போட்ட ஏதோ ஓர் ஆப்.

6. கடைசி வழி, பேக்கப் எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட்.

ரீசெட் செய்தும் பயனில்லாத கோளாறுகளும் உண்டு. அமோலெட் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுவது அப்படிப்பட்டது. இந்தியாவில் பல கம்பெனி போன்களில், அப்டேட் போட்டபின் கோடு விழுந்ததாகப் பலர் புகார் செய்தார்கள். இது திரையின் பழுது, சாஃப்ட்வேரால் அழியாது. ஒன்பிளஸ் இதற்கென வாழ்நாள் திரை உத்தரவாதம் அறிவித்தது. உங்கள் போனில் கோடு விழுந்தால் வாரன்டி முடிந்துவிட்டது என்று எண்ணி வெளிக்கடையில் திரை மாற்றிவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், இந்த மாடலுக்குத் தனிச் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழி அப்டேட்மீதா, பேட்டரிமீதா?

மூன்று ஆண்டு ஓடிய போன் மெதுவானால் எல்லோரும் அப்டேட்டைத் திட்டுவார்கள். சில சமயம் அப்டேட், பேட்டரி இரண்டுக்கும் பங்கு உண்டு. 2017இல் ஐபோன் 6, 6எஸ், 7 போன்ற மாடல்களில், பேட்டரி தேய்ந்திருந்தால் போன் திடீரென்று அணையாமல் இருக்க வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை ஆப்பிள் அப்டேட் வழியாகச் சேர்த்தது. வாங்கியவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் விஷயம் வெளியாகி ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் விலையைக் குறைத்தது. பிரான்ஸ் 2020இல் இதற்காக 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பேட்டரி மாற்றிய ஐபோன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின.

நமக்குப் பாடம்: புதிய போனுக்குப் பணம் சேர்க்கும் முன் பேட்டரியைச் சோதியுங்கள். ஐபோனில் செட்டிங்ஸிலேயே பேட்டரி ஆரோக்கியம் சதவீதத்தில் தெரியும். 80க்குக் கீழே போனால் மாற்ற வேண்டிய நேரம். ஆண்ட்ராய்டில் புதிய மாடல்கள் சிலவற்றில் இது உண்டு. மற்றவற்றுக்குச் சர்வீஸ் சென்டரில் பார்த்துச் சொல்வார்கள். சார்ஜ் 30 சதவீதம் இருக்கும்போதே போன் திடீரென்று அணைந்தாலோ, பின்மூடி உப்பினாலோ சோதனையே தேவையில்லை. உப்பிய பேட்டரியோடு ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.

ஆதரவு முடிந்த போனை என்ன செய்வது?

தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் வேலையை மாற்றுங்கள். யூபிஐ, வங்கி ஆப், முதன்மை மின்னஞ்சல், ஓடிபி வரும் சிம் ஆகியவற்றை ஆதரவுள்ள போனுக்கு மாற்றிவிடுங்கள். பழையது பாட்டுக் கேட்க, சமையலறையில் வீடியோ பார்க்க, வண்டியில் வழி பார்க்க உதவும். வீட்டில் ஒரே போன்தான் என்றால், பிளே சிஸ்டம் அப்டேட்டையும் ஆப்களையும் தவறாமல் புதுப்பியுங்கள். வெளியிலிருந்து எந்த ஏபிகேயும் போடாதீர்கள். யூபிஐயோடு சிறு தொகை வைத்திருக்கும் கணக்கை மட்டும் இணையுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான்.

லினியேஜ்ஓஎஸ் போன்ற மாற்றுச் சிஸ்டத்தைப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு நல்ல வழி. ஆனால் இதற்காக, சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறந்த போனில் பல வங்கி ஆப்கள் ஓட மறுக்கும். அம்மாவின் போனில் முயன்று பார்க்க வேண்டாம்.

புகார் செய்யும் முறை

வாரன்டிக்குள் இருக்கும் போன் அப்டேட்டால் பழுதானால் அதைச் சரிசெய்து தரும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன அப்டேட், எந்தத் தேதி, அதன்பின் என்ன ஆனது என்பதை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்குங்கள். பழுது தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். பில்லும் பெட்டியும் பத்திரம்.

சர்வீஸ் சென்டர் கைவிரித்தால் கம்பெனிக்கு மின்னஞ்சல். அதற்கும் பதிலில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே மனுச் செய்யலாம். பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பலர் புகார் செய்தால் காது கேட்கும்: ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பின் வந்த குறைகளை ஒட்டி 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இத்தாலியில் 2018லேயே, அப்டேட்டால் போன்களை மெதுவாக்கியதாக ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் அபராதம் விழுந்தது.

அடுத்த போன் வாங்கும்போது

கேமராவையும் ராமையும் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொல்வார். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாடல் எந்த மாதம் வெளியானது? எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம்? பதிப்பு உயர்வு எத்தனை? பதிலைக் கம்பெனியின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

வெளியான மாதத்தைக் கேட்பது முக்கியம். பொதுவாக ஆதரவுக் காலம் ஓடத் தொடங்குவது மாடல் வெளியான நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கூகுள் பிக்சல் 8 (2023), சாம்சங் எஸ்24 (2024) ஆகியவற்றுக்கு ஏழாண்டு வாக்குறுதி உண்டு. விலை குறைந்த கேலக்ஸி ஏ16க்கும் ஆறாண்டு. மூன்று ஆண்டு ஆதரவுள்ள மாடல் ஒன்றைத் தள்ளுபடி விற்பனையில் இரண்டு ஆண்டு கழித்து வாங்கினால் மிஞ்சுவது ஓராண்டுதான். பழைய போன் வாங்குவோருக்கும் இதே கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதி இதைத் திருப்பிப் போட்டிருக்கிறது: ஒரு மாடலின் கடைசிப் போன் சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது ஐந்தாண்டு அப்டேட் தர வேண்டும்.

இனி விலையை ஆண்டால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய் போனுக்கு இரண்டு ஆண்டு ஆதரவு மிச்சம் என்றால் ஆண்டுக்கு 6,000. 24,000 ரூபாய் போனுக்கு ஆறு ஆண்டு என்றால் ஆண்டுக்கு 4,000. நடுவில் ஒரு முறை பேட்டரி மாற்றும் செலவைச் சேர்த்தாலும் இதுவே மலிவு. அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லையென்றால், உங்கள் விலைக்குள் கிடைக்கும் மாடல்களில் எதற்கு ஆதரவு அதிக நாள் மிச்சமிருக்கிறதோ அதை எடுங்கள். வாங்கிய அன்றே, ஆதரவு முடியும் மாதத்தைப் போனின் காலண்டரில் ஆறு மாதம் முன்கூட்டி நினைவூட்டலாகக் குறித்துவிடுங்கள். அடுத்த போனுக்குப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டிய நாள் அது.